ஏலத்துச் சேவலும் எட்டு வீடும்

3-9-84, திங்கள்

வெயில். ஆவணி பிறந்தும் சித்திரை மாதிரி காய்கிறது. தங்கச்சி பிரசவத்துக்காக ஜெயங்கொண்டம் போய், மூன்று வாரம் கழித்து இன்றுதான் ஆபீஸ். பெண் குழந்தை. மூக்கு என்னைப் போல. பாவம், வளர்ந்தால் சரியாகலாம்.

பங்கு உதவிச் சங்கம் என்று போர்டு பெரிதாகத்தான் இருக்கிறது. உள்ளே நான் ஒருத்தி. கணக்கு, டைப், தபால், பெருக்குவது எல்லாம். மேசை மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. டைப்ரைட்டர் ரிப்பன் வாங்க வேண்டும். செருப்புக்கு வார்.

பைலைத் திறந்தேன். நான் இல்லாத நேரம் பார்த்து நம்ம கோயில் பாதிரியார் இன்னாசி சாமியே ஒற்றை விரலால் டைப் அடித்து ஜெர்மனிக்குக் கடிதம் போட்டிருக்கிறார். சிலோனிலிருந்து வந்த எட்டுக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் திட்டம். நாம் ஒரு பங்கு போட்டால் அங்கே உள்ள சபை மூன்று பங்கு போடும். கடிதத்தில் இப்படி: எங்கள் பங்கு ரூ. 8,000 திரட்டியாகிவிட்டது, செப்டம்பர் முடிவில் பாங்க் சான்றிதழ் அனுப்புகிறோம்.

பாஸ்புக்கைப் பார்த்தேன். ரூ. 640.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 640 தான்.

மாடியேறிப் போய்க் கேட்டேன். சாமி முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"மாதா திருநாள் ஏலத்துல வந்துச்சேம்மா. ஏழாயிரத்து முந்நூத்திச் சொச்சம். நோட்டுல எழுதியிருக்கு, பாருங்க."

"ஏலம் போச்சுங்க சாமி. பணம் வந்துச்சா?"

"வரும்லா?"

"வரும். அடுத்த வருசம் கொடியேத்தத்துக்கு வரும்."

சாமி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வைகாசியில்தான் இங்கே மாற்றலாகி வந்தார். அவர்கள் ஊரில் சேவலைக் கையில் வாங்குமுன் காசைக் கீழே வைக்க வேண்டுமாம். இங்கே அப்படி இல்லை. காணிக்கை வந்த சேவல், ஆடு, தேங்காய்க் குலை எதுவானாலும் வாயால் ஏலம் கேட்பது, பொருளை அன்றைக்கே எடுத்துப் போவது, பணத்தை அடுத்த திருநாள் கொடி ஏறும்போது கம்பத்தடியில் வைப்பது. நடுவில் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் கேட்டவனுக்கும் கேவலம், கொடுப்பவனுக்கும் கேவலம். ஆறு வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன், ஒருத்தர்கூடப் பாக்கி வைத்ததில்லை. இந்த வருஷக் கொடிக்கு வந்த பணமோ போன வருஷத்து ஏலம். அதைச் சாமி வெறும் காணிக்கை என்று நினைத்துவிட்டார். அது அரிசி, துணி, பள்ளிக்கூடச் சாமான் என்று அதற்குள் கரைந்துவிட்டது.

சாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் ஜெர்மனிக்குப் பொய் எழுதிட்டேனா?" என்றார். மனசு கேட்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

4-9-84, செவ்வாய்

மேகம் கூடியது, ஏமாற்றியது.

சாமி இரவெல்லாம் யோசித்தாராம். உண்மையை எழுதிப் போட்டுவிடலாம் என்கிறார். போடலாம். ஆனால் சபைக்காரர்கள் விதிமுறைத் தாளில் அடிக்கோடிட்டே அடித்திருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் உள்ளூர்ப் பங்கு பாங்கில் இல்லை என்றால் திட்டம் அடுத்த வருஷப் பட்டியலுக்கு. அதற்குள் ஐப்பசி மழை இந்த எட்டுக் குடும்பத்தையும் என்ன செய்யுமோ.

மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பழைய கொட்டகைக்குப் போனேன். பத்து மாதமாக அங்கேதான் இருக்கிறார்கள். நடுவில் சேலையைக் கட்டி எட்டு வீடு. ரஞ்சன்குடி ரோட்டில் சங்கத்துக்குத் தானமாக வந்த நிலத்தில் அவர்களே மண் குழைத்துச் சுவர் எழுப்பியாகிவிட்டது. ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மேலே ஒன்றும் இல்லை. ஓட்டுக்கடைக்காரர் பாங்க் சான்றிதழைக் கண்ணால் கண்டால் மறுநாளே கடனுக்கு ஓடு இறக்குவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் வந்து நிற்கிறது.

லெட்சுமி அடுப்பூதிக்கொண்டிருந்தாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் முனியாண்டி, பிள்ளைகள் இரண்டு. எனக்கு டீ கொடுத்தாள். நம்மூர் டீத்தூளைப் பற்றி அவளுக்கு ஒரு தனி அபிப்பிராயம். "இது மரத்தூளும்மா, சாயம் போட்டு விக்கிறானுவ."

பிறகு மெதுவாகச் சொன்னாள். கோத்தகிரியிலிருந்து ஒரு மேஸ்திரி வந்துபோனானாம். அங்கே எஸ்டேட்டில் ஆள் வேண்டுமாம். முன்பணம் தருவானாம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி லாரி வருமாம்.

"மழைக்கு முன்ன கூரை ஏறுலன்னா போயிருவோம்ன்னு அவரு சொல்றாரு. புள்ளைங்களுக்கு ஒரே இருமல். நான் என்னம்மா சொல்றது?"

"நீ என்ன நெனக்கிற?"

"எங்கள ஏத்தி அனுப்புனவங்க எல்லாம் நல்லவங்கதாம்மா. கப்பல்ல ஏத்துனாங்க, ரயில்ல ஏத்துனாங்க, மண்டபம் கேம்புலேருந்து லாரியில ஏத்துனாங்க. எறக்குற எடத்துலதான் ஒண்ணும் இருக்க மாட்டேங்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு லாரியில் இவளை ஏற விடக் கூடாது.

5-9-84, புதன்

ஏல நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு யார் யார் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதினேன்.

வெங்காயக்காரர் பெரியண்ணன், முதல் சேவல் — 1,501
அரியலூர் காதர் பாய், லாரிக்காரர், கிடா — 1,100
உப்பு மூட்டை, பலாப்பழம், தேங்காய்க் குலைகள், சில்லறை — பதினெட்டுப் பேர்
அதே சேவல், மூன்றாம் சுற்று — 151 — சவரிமுத்து.

எந்தச் சவரிமுத்து? விலாசத்தைப் பார்த்தேன். என் வீட்டு விலாசம்!

என் புருஷன் அரியலூரில் சிமெண்டு பாக்டரியில் வேலை. மாதம் முழுக்க ஷிப்டு, உடம்பு முழுக்கச் சுண்ணாம்பு. நான் ஊரில் இல்லாத நேரம் திருநாளுக்குப் போய் மகராசன் நூற்று ஐம்பத்தொன்றுக்குச் சேவல் கேட்டிருக்கிறார். அந்தச் சேவலையும் வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. "மாதாவுக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம், அதை மறுபடி ஏலம் விட்டார்களாம். இங்கே அப்படித்தான் பழக்கம், ஒரே சேவல் ஏழெட்டுக் கை மாறும்.

"என்னங்க இது?"

"மாதாவுக்குத்தானே. அடுத்த வருசம்தானே."

"அரிசி வாங்கக் காசு கேட்டா மட்டும் சம்பளம் வரட்டும்ங்கிறீங்க?"

"அது அரிசி. இது ஏலம்."

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. கணக்கம்மா வீட்டிலேயே ஏலக் கடன். ராத்திரி ரசம் மட்டும் வைத்தேன்.

7-9-84, வெள்ளி

பெரியண்ணன் வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

நல்ல மனுஷர். வயலில் போர் போட்டுத் தண்ணீர் கண்ட வருஷத்திலிருந்து மாதா திருநாளின் முதல் சேவல் அவருக்குத்தான். குலசாமிக்குக் கிடா, மாதாவுக்குச் சேவல், இரண்டிலும் குறை வைக்காதவர். மோர் கொடுத்தார். வெங்காய விலை, மகன் வேலை, மழை எல்லாம் பேசினோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அந்தச் சேவல் பணம் ஐயா..." என்றேன்.

மோர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"நான் சாவப்போறேன்னு எவனும் சொன்னானா?"

"ஐயோ, அப்படியில்லீங்க..."

"பின்ன என்னத்துக்கு இப்ப வந்து கேக்குறீங்க? கொடி ஏறட்டும். நான் வரலன்னா என் பொணம் வந்து வைக்கும்."

அவர் சம்சாரம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. திரும்பி நடந்து வரும்போது செருப்பு வார் அறுந்தது. அதுவும் சரிதான்.

8-9-84, சனி

மாதா பிறந்த நாள். காலைப் பூசை முடிந்து பஸ் பிடித்து அரியலூர். பஸ் முழுக்கச் சிமெண்டு வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா வாத்து வைத்திருந்தது. வாத்துக்கு டிக்கெட் உண்டா என்று கண்டக்டரிடம் அரியலூர் வரை சண்டை.

காதர் பாயிடம் நேற்று மாதிரி அசட்டுத்தனம் செய்யவில்லை. பணம் என்ற சொல்லையே எடுக்காமல் நடந்ததை அப்படியே சொன்னேன். சாமி எழுதிய கடிதம், ஜெர்மனி, மாதக் கடைசி, லெட்சுமி, லாரி. பாய் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"சாமிக்குத் தெரியாமப் போச்சா நம்ம வழக்கம்? அல்லாவே!" சிரிப்பு அடங்கப் பாவம் ரொம்ப நேரம் ஆனது. "நான் இப்பவே எடுத்துத் தந்துருவேன்மா. ஆனா நான் மட்டும் குடுத்தேன்னு தெரிஞ்சா மத்தவங்க என்ன நெனைப்பாங்க? நம்பிக்கை இல்லாம பாய்கிட்ட வாங்கிட்டாங்கன்னு எனக்கும் அசிங்கம், அவங்களுக்கும் அசிங்கம். கொடி ஏத்துங்க. குடுத்துட்டுப் போறேன்."

"அது அடுத்த ஆடிங்க."

"ஏன், உங்க ஜெபமாலைக் கோயில்ல, சம்மனசு கோயில்லல்லாம் கொடியே ஏறாதா? எங்க தர்காவுல கொடி ஏறுறப்ப நீங்களும்தான் வர்றீங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னால் உட்கார முடியவில்லை. செப்டம்பர் 29 மிக்கேல் சம்மனசு, அதாவது மிக்கேல் தேவதூதர், திருநாள். அதற்கு ஒன்பது நாள் முன்னால் கொடி ஏற்றலாம். வீடு கட்டுகிற நிலத்திலேயே. ஏலக் கடன் எந்தக் கொடிக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

10-9-84, திங்கள்

சாமியிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது.

"சம்மனசை வச்சுக் கடன் வசூல் பண்ணச் சொல்லுதீங்களா?"

"கடன் அவங்க வச்சது. கொடி நம்ம வைக்கிறது. யாரையும் ஏமாத்தலீங்க சாமி. எதுக்கு இந்தக் கொடின்னு பூசையிலேயே சொல்லிடுங்க. கேட்டுட்டு வர்றவங்க வரட்டும், வராதவங்க ஆடிக்கு வரட்டும்."

"வசூலுக்குன்னு மட்டும் ஒரு கொடி ஏத்த மாட்டேன்."

"சரிங்க."

"ஏத்துனா திருநாளாவே ஏத்தணும். ஒன்பது நாள் ஜெபம், சப்பரம், பொங்கச்சோறு. வருசாவருசம் நடக்கணும். வீடு இருக்குற வரைக்கும்."

"சரிங்க!"

இதைத்தானே நானும் கேட்டேன். மனுஷர் கோபமாகவே சம்மதித்தார். எனக்குக் கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது.

11-9-84, செவ்வாய்

மறைமாவட்ட ஆபீஸிலிருந்து தணிக்கைக்காரர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கைக்குட்டை, சிரிக்காத வாய். வெளிநாட்டுக் கணக்கு தனி, உள்ளூர்க் கணக்கு தனி, ஒன்றின் பைசா மற்றதில் கலக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, அதில் எனக்கு முழு மார்க் போட்டார். ஏல நோட்டில்தான் பேனா நின்றது.

"ஏம்மா, ஆகஸ்ட் பதினஞ்சாம் தேதி மொத்தம் எத்தனை சேவல்?"

"ஒண்ணுதான் சார்."

"ஏழு தடவை வித்திருக்கே?"

"ஆமாம் சார்."

"அதே சேவலா?"

"அதே சேவல்தான் சார். மொதல்ல கேட்டது வெங்காயக்காரரு. கடைசியாக் கேட்டவரும் கோயிலுக்கே விட்டுட்டாரு. இப்ப பின்னால மேயுது. கூப்பிடட்டுமா?"

எட்டிப் பார்த்தார். சேவல் கைப்பிடிச்சுவர் மேல் நின்று கூவியது, என்ன நேரத்துக்குக் கூவியதோ. "கொள்முதல் இல்லாம விற்பனை" என்று முணுமுணுத்தார். பிறகு நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுப் போனார்: வாக்கு வரவாகாது, ரொக்கமே வரவு. சரியான பேச்சு. இதைத்தான் நான் சாமியிடம் ஒரு வாரமாகச் சொல்கிறேன்.

மாலை: மண்ணெண்ணெய் 2 லிட்டர். ரிப்பன் வாங்கினேன்.

14-9-84, வெள்ளி

கொடிக்கம்பத்துக்குச் சவுக்கு மரம் ஒன்று முனியாண்டி கொண்டு வந்தான். எங்கிருந்து என்று கேட்கவில்லை. ரசீது இருக்கிறது என்றான். பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கொடித் துணியை லெட்சுமி தைக்கிறாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, நாங்க மாரியாத்தா கும்புடுறவங்க. கொடி ஏறுனா நாங்க மாறணுமா?"

சாமியையே கேட்கச் சொன்னேன். நேரே போய்க் கேட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கூச்சம் என்பதே கிடையாது.

சாமி சொன்னது: "வீடு மனுசனுக்குக் கட்டுதோம். மதத்துக்கு இல்ல. உங்க ஆத்தாவுக்கும் ஒரு மூலை விட்டுக் கட்டிக்கோங்க."

"எங்காத்தா மூலையில இருக்க மாட்டா சாமி. நடுவுலதான் இருப்பா."

சாமி சிரித்துவிட்டார். தூத்துக்குடியிலிருந்து வந்த பிறகு இப்படிச் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

மேஸ்திரி நேற்றும் வந்தானாம். பிள்ளைகளின் இருமலைப் பார்த்து உச்சுக் கொட்டினானாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். முன்பணம் நீட்டினானாம். முனியாண்டி கை நீட்டப் பார்த்தானாம், இவள் தடுத்துவிட்டாளாம். "மாசக் கடைசி வரைக்கும் பொறுங்கன்னுட்டேன். அப்பறம் என் வாய்க்கு வேல இல்லம்மா" என்றாள்.

16-9-84, ஞாயிறு

பூசையில் சாமி சொல்லிவிட்டார். ஒளிவு மறைவு இல்லை. தனக்கு வழக்கம் தெரியாமல் எழுதியது, வியாழக்கிழமை மிக்கேல் சம்மனசு கொடி, யாருக்கும் கட்டாயமில்லை என்பது எல்லாம். பிறகு பின்வரிசையில் ஒரு சிரிப்பு. பிறகு எல்லோரும்.

வெளியே வரும்போது காதில் விழுந்தது: "சாமி மாட்டிக்கிட்டாருடா. நம்மதான் எடுத்து வுடணும்."

20-9-84, வியாழன்

கொடியேற்றம். சாயங்காலம் காற்று பலமாக, மழை இல்லாமல்.

ரஞ்சன்குடி ரோட்டில் அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. கூரையில்லாத எட்டு வீட்டுக்கும் மாவிலை கட்டியிருந்தார்கள். கதவு இல்லாத வாசலில் கோலம். கொடி ஏறியது. வேட்டு இரண்டு, ஒன்று வெடிக்கவில்லை.

கம்பத்தடியில் தாம்பாளம் வைத்தோம். முதல் ஆளாகக் காதர் பாய். பிறகு உப்பு மூட்டைக்காரர், பலாப்பழத்தார், தேங்காய்க் குலை எடுத்தவர்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ரசீது போட்டேன்.

பெரியண்ணன் வரவில்லை. என் வாயைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது? அன்றைக்கு நான் போய்க் கேட்டதுதான் காரணம்.

பழைய 640-ஐயும் சேர்த்து 5,540. இன்னும் 2,460 வேண்டும்.

என் வீட்டுக்காரர் கும்பலில் நின்று கைகூப்பி ஜெபம் செய்தார். சட்டைப்பையில் ஒன்றும் இல்லை. சம்பளம் ஒன்றாம் தேதிதான்.

22-9-84, சனி

காலையில் ஆபீஸ் வாசலில் மாட்டு வண்டி. பெரியண்ணன்.

"கொடிக்கு வரணும்னுதான் இருந்தேன். கையில காசில்ல. வெறுங்கையோட வந்து கம்பத்தடியில நிக்கச் சொல்றீங்களா? என் காசு பூரா இதுலதான் கெடக்கு. எறக்கிக்குங்க."

பதினைந்து மூட்டை சின்ன வெங்காயம்.

ஆபீஸில் இப்போது வெங்காயம், வெங்காயத்துக்கு நடுவே நான். பைல் அலமாரி திறக்க முடியாது. தபால்காரர் தும்மிவிட்டுப் போனார். அன்றைக்குக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அத வுடுங்கம்மா. எங்கூட்டுல ரெண்டு நாளாத் திட்டு. ஒரு பொம்பள வூடு தேடி வந்து கேட்டா இப்படியா பேசுவாங்கன்னு."

25-9-84, செவ்வாய்

மண்டி. என் ஆயுளில் வெங்காயம் விற்றதில்லை. லெட்சுமி கூட வந்தாள், முனியாண்டி மூட்டை தூக்கினான். தரகர் ஒருவர் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேச வந்தார். நான் கையைக் கொடுக்க மாட்டேன், வாயால் சொல்லுங்கள் என்றேன். மண்டியே திரும்பிப் பார்த்தது.

விலை சரிந்து கிடந்தது. "ஈரம், ஈரம்" என்று ஒரு குரல். "ஈரம் எங்கங்க? நான் ரெண்டு நாளாப் பரத்திக் காயவச்சது" என்று லெட்சுமி பிடி பிடித்தாள். ஒரு மூட்டையைக் கீழே கொட்டியே காட்டிவிட்டாள். கடைசியில் 1,460 வந்தது.

சாயங்காலம் ஆபீஸுக்கு வந்த பெரியண்ணன், கணக்கைக் கேட்டு, நாற்பத்தொரு ரூபாயை எண்ணிக் கையில் வைத்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "ஆயிரத்தி ஐநூத்தி ஒண்ணுன்னு வாய்ல சொன்னேன். ஒத்த ரூவா கொறையக் கூடாது."

சேலை, தலைமுடி, டிபன் டப்பா, எல்லாம் வெங்காய வாசனை.

28-9-84, வெள்ளி

முதல் தூறல். கொட்டகையில் ஒழுகுகிறதாம். பிள்ளைகளை மேசை மேல் படுக்க வைத்திருக்கிறார்கள்.

மீதிப் பேர் ஒருத்தர் ஒருத்தராக வந்து ஆபீஸிலேயே தந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரு பிடி வெங்காயச் சருகு இலவசம்.

பாக்கி: 151. சவரிமுத்து. அவர் மட்டும்தான்.

நாளைக்கு மத்தியானத்தோடு பாங்க் மூடும். ஞாயிறு கிடையாது. சாமி தன் கைக்கடிகாரத்தை விற்கிறேன் என்கிறார். விட மாட்டேன் என்றேன். ஊரில் வெங்காயம் விற்றுக் கொடுத்தவர் இருக்கிறார், என் வீட்டு ஏலத்தைச் சாமியார் கட்டுவதா? என் தோட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன். காலையில் அடகுக்கடை திறக்கும் முன் இவர் வரவில்லை என்றால் அதுதான். ராத்திரி ஷிப்டு, ஆள் வீட்டில் இல்லை. கோபமும் வருகிறது, அந்த மனுஷனை நினைத்துப் பாவமாகவும் இருக்கிறது.

29-9-84, சனி

அடகுக்கடைப் படியில் கால் வைத்தேன். பின்னால் ஹாரன். காதர் பாய் லாரி. அதன் மேலிருந்து வெள்ளைப் பூதம் ஒன்று குதித்தது.

என் புருஷன்தான். ஷிப்டு முடிந்து குளிக்காமல், புருவமெல்லாம் சுண்ணாம்பு. "போர்மேன் கிட்ட அட்வான்ஸ் கேட்டேன். எதுக்குன்னாரு. சேவலுக்குன்னேன். சிரிச்சே செத்தாரு. குடுத்துட்டாரு." 151 ரூபாய், எல்லாம் சுண்ணாம்பு படிந்த நோட்டு.

பாங்கில் காசாளர் நோட்டை ஊதினார். அவர் மேசையும் வெள்ளை. எண்ணினார், முத்திரை குத்தினார். ரூ. 8,000. மானேஜர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டபோது என் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று சொல்லிவிட்டேன்.

ஓட்டுக்கடைக்காரர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். திங்கட்கிழமை ஓடு இறக்குகிறார். காதர் பாய் லாரிக்கு வாடகை வேண்டாமாம். தோடு மறுபடி காதில். இன்றைக்கு இவருக்குக் கறிக்குழம்பு.

30-9-84, ஞாயிறு

நேற்றுத் திருநாள் முடிய ராத்திரி ஆகிவிட்டதால் இப்போது எழுதுகிறேன். வானம் மூட்டம், பெய்யவில்லை.

சப்பரம் எட்டு வாசலிலும் நின்றது. லெட்சுமி சூடம் காட்டி மாரியாத்தாளையும் சேர்த்துக் கூப்பிட்டாள். சாமி கேட்காத மாதிரி இருந்தார். பொங்கச்சோறு பத்தவில்லை, அடிப்பிடித்ததும் தீர்ந்தது.

மேஸ்திரியும் வந்திருந்தான். நாளை லாரிக்கு எத்தனை பேர் என்று கேட்க. முனியாண்டி அவன் கையில் ஒரு இலைச் சோறு கொடுத்து உட்காரச் சொன்னான். சாப்பிட்டுவிட்டுப் போனான்.

பிறகு ஏலம். திருநாள் என்றால் ஏலம் இல்லாமலா? பெரியண்ணன் இந்த முறை தேங்காய்க் குலை. என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கப் பார்த்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கடைசியாக ஒரு பூசணிக்காய். ஐந்து ரூபாய் என்றது ஒரு குரல். பத்து, பதினைந்து என்று பெரியண்ணன்.

"இருவத்தொண்ணு!"

பின்னாலிருந்து. எல்லோரும் திரும்பினார்கள். லெட்சுமி, இடுப்பில் பிள்ளையோடு.

பெரியண்ணன் வாயெடுத்தார், அவளைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு வேணாம்ப்பா. பூசணிக்கா வாயு."

மூன்று தரம் சொல்லியாகிவிட்டது. சாமி என் பக்கம் குனிந்து, "அத நோட்டுல ஏத்தாதீங்கம்மா. அவங்ககிட்ட எப்படி வாங்குதது?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவளுக்குக் கேட்டுவிட்டது.

"ஏன் சாமி? அடுத்த கொடிக்கு நான் இங்க இருக்க மாட்டேனா?"

சாமி நோட்டை என் பக்கம் நகர்த்தி, "எழுதுங்கம்மா" என்றார்.

விலாசம் என்ன போடுவது என்று நிமிர்ந்து பார்த்தேன். அவளே சொன்னாள்.

எழுதினேன்: லெட்சுமி, ரஞ்சன்குடி ரோடு, மூணாவது வூடு. பூசணிக்காய் ஒன்று. ரூ. 21. பாக்கி.